காண்டின் தடையும் கிறித்துவ இறைநூலும்

இறைவன் உளன் என்பது அளவையான் நாட்டத்தக்கதோ, நம்பிக்கை ஒன்றானே கொள்ளத்தக்கதோ என்னும் வினா எல்லாச் சமயத்தார்க்கும் பொது. மேனாட்டிலே இவ்வினா கிறித்துவ இறைநூலாரையும் தத்துவ நூலாரையும் இருநூறு ஆண்டுகட்கு மேலாகப் பிணங்கச் செய்துள்ளது. அப்பிணக்கு யாண்டுத் தோன்றிற்று, அதற்கு இறைநூலார் கூறிய விடைகள் யாவை, அவை தடையின்றி நிற்குமோ என்பன ஈண்டு ஆராயப்படும்.

இடைக்கால ஐரோப்பாவில் தத்துவ நூல் இறைநூலுக்குப் பணிமகள் எனப்பட்டது. பதினோராம் நூற்றாண்டினரான அன்செலம் என்பார், தன்னின் மேற்பட்டதொன்று எண்ணவொண்ணாத பொருள் என்னும் கருத்தினின்றே இறைவன் உண்மை பெறப்படும் என்றார். அத்தகைய பொருள் கருத்தளவில் மட்டும் உளதாயின், கருத்தினும் புறத்தும் உளதாவது அதனின் மேற்பட்டதாய்விடும் என்பது அவர் வாதம். 1274-இல் மறைந்த தோமா அக்குவினாஸ் இதனை ஏலாது, உலகத்தினின்று தொடங்கினார். அசைவு, காரணம், நிலையாமை, மேன்மைப் படிகள், ஒழுங்கு என்னும் ஐந்தினையும் ஏதுவாகக் கொண்டு இறைவனை அனுமித்தார். தோற்றமும் நிலையும் ஒடுக்கமும் உடைய உலகினை ஏதுவாக்கி வினைமுதலைத் துணியும் சிவஞானபோத முதற் சூத்திரத்திற்கு இவர் வழி அணித்தாதல் கற்பார்க்கு எளிதிற் புலனாம்.

பிரஷ்ய நாட்டுக் கோனிக்ஸ்பெர்க் நகரப் பேராசிரியரான இம்மானுவேல் காண்ட் 1781-இல் வெளியிட்ட 'தூய அறிவின் ஆராய்ச்சி' என்னும் நூல் இவ்விருவர் வாதங்களையும் ஒருங்கே தடுத்தது. இடமும் காலமும் நம் காட்சியின் அமைப்புக்கள். காரணம் முதலிய கருத்துக்கள் நம் அறிவின் அமைப்புக்கள். இவை புலன்வழி வந்த பொருள்களிடத்தே செல்லுமன்றி அப்பாற் செல்லா என்பது அந்நூற் கொள்கை. உண்மை என்பது ஒரு பொருளின் குணங்களோடு வைத்து எண்ணப்படும் குணம் அன்று. கருத்திலுள்ள நூறு வெள்ளிக்காசும் கையிலுள்ள நூறு வெள்ளிக்காசும் இலக்கணத்தால் வேறல்ல எனக் கூறி அன்செலம் வாதத்தை மறுத்தார். காரணம்பற்றிய வாதம் ஈற்றில் அன்செலம் வாதத்தையே சார்ந்து நிற்கும் என்றார். ஒழுங்குபற்றிய வாதமோ, தான் கையாளும் பொருளுக்குக் கட்டுண்ட சிற்பி ஒருவனையே காட்டுமன்றிப் படைப்போனைக் காட்டாது என்றார்.

இவற்றுள் இறுதியிற் கூறிய தடை நுணுகி நோக்கத்தக்கது. சூனியத்தினின்றும் இறைவன் உலகைப் படைத்தான் என்னும் கிறித்துவர்க்கு அது பெருந்தடையே. குயவன் நிமித்த காரணனாய் மண்ணினின்று குடத்தை வனைதல்போல, இறைவன் மாயை என்னும் முதற்காரணத்தினின்று உலகைத் தோற்றுவிப்பன் என்னும் சித்தாந்திக்கோ அது தடையாகாது. அவன் நாட்டக் கருதியதும் நிமித்த காரணனையே. மாயை இறைவனுக்குப் பரிக்கிரக சத்தியாய் அவன் வழிப்பட்டு நிற்றலின், சிற்பிக்குளதாகிய கட்டுப்பாடு அவனுக்கு இன்று. ஆயினும் காரணம் என்னும் கருத்துப் புலனைக் கடந்து செல்லாது என்னும் முதற்றடை சித்தாந்தியும் விடையிறுக்கவேண்டுவதொன்று. அதனை விடுத்துக் காண்டை நாத்திகர் என்று இகழ்ந்தொழிதல் அறிவுடையார் செயலன்று.

காண்ட் நாத்திகரும் அல்லர். நம்பிக்கைக்கு இடமுண்டாக்கவே அறிவுக்கு எல்லை கோலியதாக 1787-இல் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் உரைத்தார். அறமும் இன்பமும் ஒருங்கு கூடுதற்கு இறைவன் உளன் எனக் கொள்ளவேண்டும் என 1788-இல் வந்த நூலில் நிறுவினார். ஆனால் அவ்விறைவன் அறத்தின் வேண்டுகோளேயன்றி அறியப்பட்ட பொருள் அல்லன். வழிபாட்டையும் மறைமொழியையும் அறத்திற்குக் கீழ்ப்படுத்தி 1793-இல் அவர் எழுதிய நூலுக்காக மறு ஆண்டிலேயே மன்னன் கண்டனம் பிறந்தது. மன்னன் இறந்த பின்னர், 1798-இல், அவர் மீண்டும் எழுதியபோது பழைய உவமையையே எடுத்துக்கொண்டார்: பணிமகள் தலைவியின் பின்னே ஆடைத் தலைப்பை ஏந்திச் செல்கின்றாளோ, முன்னே விளக்கேந்திச் செல்கின்றாளோ என வினவினார்.

இறைநூலார் கூறிய விடைகளுள் முதலாவது ஷ்லையர்மாகர் என்பாருடையது. சமயம் அறிவும் அன்று, அறமும் அன்று, உணர்வே என 1799-இல் அவர் எழுதினார். முற்றும் பிறிதொன்றைச் சார்ந்து நிற்கின்றோம் என்னும் உணர்வே சமயத்தின் உயிர் எனப் பின்னர் 1821, 1822-ஆம் ஆண்டுகளில் வந்த பெருநூலில் விரித்தார். காண்டின் தடை அறிவின்மேற் செல்வதாகலின் உணர்வைத் தீண்டாது என்பது அவர் துணிபு. சார்புணர்வே சமயமாயின் நாயே சிறந்த கிறித்துவனாம் என்று ஹெகல் எள்ளினார். எள்ளல் நிற்க, மெய்யாய இடர் 1841-இல் வந்தது. இறைவனைப்பற்றிக் கூறப்படுவன யாவும் மனிதன் தன் இயல்பையே புறத்தே வைத்துக் கூறுவன என ஃபாயர்பாக் முடிவு கட்டினார். உயிரின் உணர்ச்சியுள் இறைவனைத் தேடுவோர் அவ்வுணர்ச்சிக்கு அப்பால் யாதும் இன்று என்பார்க்கு என் சொல்லி மறுப்பர்? பசுஞானத்தின் எல்லைக்குள் நின்று தேடின் பசுவே எய்தப்படும்.

உரோமைச் சபையார் வேறு நெறி பற்றினர். படைக்கப்பட்ட பொருள்களினின்று அறிவின் இயற்கை ஒளியால் இறைவனை ஐயமின்றி அறியலாம் என 1870-இல் வத்திக்கான் சங்கம் விதித்தது. 1879-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ தோமாவின் தத்துவத்தை மீளப் பயிலுமாறு பணித்தார். ஆயினும் விதித்தல் வேறு, தடையை விடுத்தல் வேறு.

மூன்றாம் விடை சுவிட்சர்லாந்தினரான கார்ல் பார்த் கூறியது. 1914-இல் ஜெர்மானிய அறிஞர் தொண்ணூற்று மூவர் தம் அரசின் போர்ச்செயலை ஆதரித்து வெளியிட்ட அறிக்கையில் தம் ஆசிரியர் பெயர்களையும் கண்டு அவர் உளம் வெதும்பினார். உணர்வையும் வரலாற்றையும் பண்பாட்டையும் இறைவன் குரலாகக் கொண்ட நூற்றாண்டின் பயன் இதுவே எனத் தெளிந்து, உரோமர் திருமுகத்திற்கு 1919-இலும், முற்றத் திருத்தி 1922-இலும் உரை வெளியிட்டார். இறைவனை இறைவனாலன்றி அறியவொண்ணாது என்பதே அவர் முழக்கம். 1933-இல் இட்லர் ஆட்சி எய்தியபோது, இனத்தினும் குருதியினும் இறைவன் வெளிப்பட்டான் என்பாரும் சபைக்குள் தோன்றினர். அவரை மறுத்து 1934-ஆம் ஆண்டு மே மாதம் பார்மென் நகரில் எழுந்த அறிக்கையைப் பெரும்பாலும் வரைந்தவர் பார்த்தே. அவ்வாண்டே தம் நண்பர் எமில் புருன்னர் இயற்கையறிவுக்குச் சிறிது இடந்தந்து எழுதிய நூலுக்கு, 'இல்லை' என்பதையே பெயராக இட்டு மறுப்பெழுதினார்.

இவ்வுறுதி போற்றத்தக்கது, பதிஞானத்தாலன்றிப் பதி விளங்காது என்னும் சித்தாந்தத் துணிபோடு ஒரு புடை ஒப்பதும் ஆகும். ஆனால் அறிவுக்கு யாதோர் இடமும் இன்றாயின், இதுவே வெளிப்பாடு, அஃது அன்று என்று பிறர்க்குத் தெளிவிப்பது எங்ஙனம்? இக்குறையைப் பார்த்தின்பால் அன்புடையாரே கண்டனர். சிறையிலிருந்து 1944-இல் எழுதிய கடிதங்களில் போன்ஹோபர், பார்த்தின் போதனை ஆராயாது முழுவதும் விழுங்கு என்னும் தன்மைத்தாயிற்று எனக் குறிப்பிட்டார்.

ஆகவே உணர்வைப் பற்றினோரும் வெளிப்பாட்டைப் பற்றினோரும் தம்முள் மாறுபடினும் ஒன்றில் உடன்படுகின்றனர்: அனுமானத்தைக் காண்டின் கையில் விட்டுவிட்டனர். அங்ஙனம் விடவேண்டுவதில்லை. காரணம் என்னும் கருத்துப் புலன்வழிப் பொருளில் அடங்கும் என்ற காண்டே, புலனுக்கெட்டாத தற்பொருள் ஒன்று நம் புலனைத் தாக்கிக் காட்சியைத் தோற்றுவிக்கும் என்றும் கொண்டார். அத்தற்பொருளின்றி அவர் மதத்துட் புகவும் இயலாது, அதனோடு அதனுள் நிற்கவும் இயலாது என 1787-இலேயே யாக்கோபி என்பார் சுட்டினார். தாக்குவது எனவே காரணம் ஆயிற்று. தம் கோட்டைத் தாமே கடந்தவர் பிறரைக் கடவற்க என்றல் பொருந்தாது.

அற்றேல், அனுமானத்தால் இறைவன் முற்றும் அறியப்பட்டானோ எனின், அன்று. அனுமானம் அவன் உண்மையைத் துணிவிக்கும். அவன் இயல்பை அனுபவிப்பிக்க மாட்டாது. அறிவால் சுட்டியறியப்படுவதாயின் அசத்தாய் அழியும், எவ்வாற்றானும் அறியப்படாததாயின் சூனியமாம் எனும் இரு வழுவையும் நீக்கிச் சிவசத்தினை வகுப்பது சிவஞானபோத ஆறாஞ் சூத்திரம். காண்டுக்கு முற்பட்டோர் முதல் வழுவின்பாலும், பிற்பட்டோர் பலர் இரண்டாம் வழுவின்பாலும் சாய்ந்தனர் எனின் மிகையாகாது. அந்நூலின் வைப்புமுறையும் இதற்கே சான்று: பிரமாணவியல் முன்னும், ஞானக்கண்ணால் இறைவனைக் காணுமாறு கூறும் சாதனவியல் பின்னும் நிற்கின்றன. முன்னது பின்னதற்கு வாயில். வாயிலே வீடு அன்று, வாயிலின்றி வீடு புகலும் இல்லை.

இனி, இவ்வரலாறு சைவர்க்குத் தரும் எச்சரிக்கை ஒன்றுண்டு. சித்தாந்தம் காண்ட் கூறியதை முன்னரே கூறிற்று, ஹெகல் கண்டதை முன்னரே கண்டது எனப் பெருமை பாராட்டும் எழுத்துக்கள் பலவாக வந்துள்ளன. அற்றைக் காலத் தத்துவத்தின் தோளில் தம் சமயத்தை ஏற்றினோர் அத்தோள் சாய்ந்தபோது உடன் சாய்ந்ததே மேலே கண்டது. மேனாட்டார் ஒப்புதல் சித்தாந்தத்திற்குச் சான்றும் அன்று. அவர் மறுப்புக் குறையும் அன்று. அவர் தடையைத் தடையாகவே எடுத்து, அளவைநெறி வழுவாது விடையிறுத்து, அளவை சென்று நின்ற இடத்தில் அருளை நோக்கி நிற்றலே சித்தாந்த மாணவர் கடன் என்க.

திருச்சிற்றம்பலம்.