மேஜர், மைனர் பாகுபாடும் செஞ்சிக் கூத்தின் இரங்கலிசையும்

மேலை இசையின் மேஜர், மைனர் சுரவரிசைகளைத் தமிழ்ப் பாலைகளோடு பொருத்திக் காட்டும் வழக்கம் இசைத்தமிழ் ஆய்வில் உண்டு. சுர அளவில் அப்பொருத்தம் பிழையன்று. ஆனால் மேஜர் மகிழ்ச்சிக்குரியது, மைனர் துயருக்குரியது என்னும் வாய்பாடும் அதனுடன் கேள்வியின்றி வந்து சேர்ந்துவிடுகிறது. செஞ்சி வட்டாரக் கூத்துப் பாடல்களைச் சுரப்படுத்த முனைவோர்க்கு இவ்வாய்பாடு பெருந்தடையாகும்.

இரண்டையும் முதன்மையாகப் பிரிப்பது காந்தாரம். மேஜரில் அது சட்சத்திலிருந்து 4 அரைச்சுரத் தொலைவிலும் மைனரில் 3 அரைச்சுரத் தொலைவிலும் நிற்கும். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை மட்டும் கொண்டு, ஒன்றாம் கட்டையைச் சட்சமாக வைத்து வாசித்தால் சங்கராபரணமாகிய மேஜர் வரிசை பிறக்கும். அதே கட்டைகளை ஆறாம் கட்டையிலிருந்து தொடங்கினால் நடபைரவியாகிய இயல்பு மைனர் பிறக்கும்.

தமிழ் மரபு இதனைப் பண்ணுப்பெயர்த்தல் என்னும். செம்பாலையை அரிகாம்போதியாகக் கொள்ளும் இன்றைய பெருவழக்கின்படி, அதன் துத்தம் குரலாகப் படுமலைப்பாலையும் (நடபைரவி), உழை குரலாக அரும்பாலையும் (சங்கராபரணம்) தோன்றும். ஆயினும் இங்கு அவை எதிரெதிர் இரட்டைகள் அல்ல; ஏழனுள் இரண்டு. படுமலை, செவ்வழி, கோடி, விளரி ஆகிய நான்கிலும் காந்தாரம் சிறியதே. அந்நான்கையும் ஒருசேரத் துயருக்கு ஒதுக்கிய மரபு தமிழில் இல்லை. நெய்தலின் இரங்கற்பண்ணாகத் தனித்துச் சுட்டப்படுவது விளரியே.

செஞ்சியை அடுத்த மேலச்சேரி உள்ளிட்ட ஊர்களின் திரௌபதியம்மன் வழிபாட்டை ஆல்ப் ஹில்டெபீடல் 1988இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். அவ்வழிபாட்டில் பாரதப் பிரசங்கமும் கூத்தும் படுகளமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. படுகளத்தில் துரியோதனன் வீழ்வது திரௌபதிக்குக் கூந்தல் முடியும் வெற்றி. அவன் மனைவி பெருந்திருவாளுக்கோ தாலியறும் இழப்பு. ஒரே களத்தில் எதிரெதிர் மெய்ப்பாடுகள் நிற்கும் இந்நிலையை இரு பெட்டிகளுள் அடைப்பது எளிதன்று.

தெருக்கூத்தில் இரங்கலுக்குப் பெரிதும் வழங்கும் முகாரியை நோக்குக. அதன் சிறு காந்தாரம் இறங்குநிரலில் மட்டுமே வரும். ஏறுகையில் சதுச்ருதி தைவதமும் இறங்குகையில் சுத்த தைவதமும் அமையும். மெலோடிக் மைனரும் ஏறுகையில் ஆறாம் சுரத்தை உயர்த்தி இறங்குகையில் தாழ்த்துவதால், முகாரியை அதன் தமிழ் வடிவம் என்று கூறத் தோன்றலாம். அது மேம்போக்கான ஒப்புமை. மெலோடிக் மைனரில் ஏழாம் சுரமும் உயர்கிறது. மேற்சட்சத்தை நெருங்கி நின்று அதில் முடியும் ஈர்ப்பை உண்டாக்குவதே அதன் பணி. முகாரியின் நிடாதம் ஏற்றத்திலும் இறக்கத்திலும் கைசிகியே. ஏறும்போது நிடாதத்தைத் தொட்டுத் தைவதத்திற்குத் திரும்பியே அது சட்சத்தை அடைகிறது. இரங்கல் உணர்வு இந்தத் தயங்கும் நடையில் இருக்கிறதேயன்றி, காந்தாரத்தின் அளவில் மட்டும் இல்லை.

எதிர்ச்சான்றுகளும் அரியன அல்ல. பெரிய காந்தாரம் கொண்ட நாதநாமக்கிரியை உருக்கத்திற்குப் பெயர்பெற்றது. சிறிய காந்தாரம் கொண்ட ஆனந்தபைரவி மணவீட்டுப் பாடல்களில் ஒலிக்கிறது. மங்களத்திற்குரிய மத்தியமாவதியிலோ காந்தாரமே இல்லை. அதனை மேஜர் என்பதா, மைனர் என்பதா?

மேலை இசையில் இப்பாகுபாடு வலுப்பெற்றது, சுரங்களை அடுக்கி ஒலிக்கும் இயைபிசையாலும் ஒரே படைப்பினுள் ஆதாரச் சுருதியை மாற்றிச் செல்லும் முறையாலும் ஆகும். கூத்தில் சுருதி நிலையானது, அடுக்கொலி இன்றியமையாததன்று. கூத்தின் ஆர்மோனியம் சுரங்களைத் தனித்தனிப் புள்ளிகளாகவே தரும். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் அசைவைக் காட்ட வல்லவை முகவீணையும் பாடுவோர் குரலுமே. ஆர்மோனியக் கட்டைகளை மட்டும் கேட்டு எழுதப்படும் சுரக்குறிப்பில் பெருந்திருவாளின் ஒப்பாரி ஒரு மைனர் வரிசையாக மட்டுமே எஞ்சும். சுரங்களோடு அவற்றின் அசைவு, நிற்கும் கால அளவு, பாடும் கட்டை, காட்சிச் சூழல் ஆகியவற்றையும் பதிவு செய்தாலன்றி அதனை மீண்டும் பாட இயலாது.