பாவாத மலைக்கு வழிகாட்டியவர்கள்
இப்னு பதூதாவின் இலங்கைப் பகுதி: ஒரு மீள்வாசிப்பு

இப்னு பதூதா இலங்கைக்கு வந்த கதை நம்மவர்களுக்குப் புதியதல்ல. மீலாத் விழா மேடைகளிலும் பாடசாலைச் சஞ்சிகைகளிலும் ஊர் வரலாற்று மலர்களிலும் அவருடைய பெயர் தவறாமல் வந்துவிடுகின்றது. 1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து வந்தார், புத்தளத்தில் இறங்கினார், ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார், பாவாத மலை ஏறினார், தெவிநுவர, காலி, கொழும்பு வழியாகத் திரும்பினார் என்று நான்கு வரிகளில் அவரை அனுப்பி வைத்துவிடுவோம். இந்த நாட்டில் எங்களுடைய இருப்புப் பழையது என்பதற்கு அவர் ஒரு சாட்சி. சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்ட அவரிடம் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: "அங்கே முஸ்லிம்களைக் கண்டீரா?" அவர் "கண்டேன்" என்றதும் இறங்கிப் போகச் சொல்லிவிடுகின்றோம். அவர் வேறு என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்பதைக் கேட்பதற்கு நமக்கு நேரமிருப்பதில்லை.

'ரிஹ்லா'வின் இலங்கைப் பகுதி அளவில் சிறியது. அதனை வரலாற்று ஆவணமாக மட்டும் பாராமல், வழிகாட்டிகளோடு நெடுந்தூரம் சென்ற ஒருவரின் பயண எழுத்தாக வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்த எண்ணம் எனக்கு ஏற்பட்டது நூலகத்திலல்ல. கண்டியிலிருந்து மஹியங்கனை போகும் வீதியில் ஹுன்னஸ்கிரியவில் இறங்கினால் லூல்வத்தை வழியாக மீமுரே போகும் பாதை பிரிகின்றது. நக்கிள்ஸ் மலைத்தொடரில் நடப்பதற்காக வெளிநாட்டவர்கள் முதுகுப் பைகளுடன் வந்திறங்குவது எங்கள் சந்தியில் அன்றாடக் காட்சி. என்னிடம் படித்த மாணவர் ஒருவர் உயர்தரப் பரீட்சைக்குப் பின்னர் அவர்களுக்கு வழிகாட்டியாகப் போகின்றார். ஒரு தவணை விடுமுறையில் அவருடைய குழுவோடு நானும் இரண்டு நாட்கள் நடந்தேன். கூடாரத்தைச் சுமந்ததும், அட்டை கடித்த இடத்துக்கு மருந்திட்டதும், இரவில் லக்கேகலை மலையைக் காட்டி இராவணன் கதையைச் சொன்னதும் அவர்தான்.

குழுவில் ஒரு பெண்மணி மத்திய அவுஸ்திரேலியப் பாலைநிலத்தில் லராபின்டா பாதையில் நடந்தவர். அலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து மேற்கே 223 கிலோமீற்றர். அங்கே அவருடைய சாமான்களை வாகனம் முன்னே கொண்டுபோய் வைத்துவிடுமாம். வழிகாட்டி தண்ணீர் இருக்கும் இடங்களைக் கணக்கிட்டு நடையை அமைப்பாராம். அதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதியதாகச் சொன்னார். கட்டுரையில் வழிகாட்டியைப் பற்றி என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். சற்று யோசித்து, "மிக நல்லவர் என்று எழுதினேன்" என்றார். வீட்டுக்கு வந்து 'ரிஹ்லா'வின் அந்தப் பகுதியைத் திரும்ப எடுத்தது அதன் பிறகுதான்.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். புத்தளத்திலிருந்து இப்னு பதூதா தனியாகப் புறப்படவில்லை. மன்னர் அவருக்கு ஒரு பல்லக்கையும் அதைச் சுமக்க அடிமைகளையும் கொடுத்தார். ஆண்டுதோறும் அந்த மலைக்குப் போய்வரும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், அரசரின் பரிவாரத்தைச் சேர்ந்த பத்துப் பேர், உணவுப் பொருட்களைச் சுமக்கப் பதினைந்து பேர் உடன் சென்றார்கள். பல்லக்குத் தூக்கிகளைச் சேர்க்காமலே முப்பத்திரண்டு பேர். "இப்னு பதூதா தன்னந்தனியாகக் காடு மலை கடந்தார்" என்று எழுதும் நம்முடைய கட்டுரைகள் அவருடைய எழுத்துக்கே மாறானவை. அவர் இந்தக் கணக்கை மறைக்கவில்லை. மறைத்தது நாம்.

ஆயினும் அவர் அந்த யோகிகளின் பெயரை எழுதவில்லை. வழியில் அவர்கள் என்ன பேசினார்கள், பாதத்தின் முன்னால் நின்றபோது எதைச் சொல்லி வணங்கினார்கள் என்பதும் இல்லை. மாறாக, பாதையை முதன்முதலில் திறந்தவர் என்று ஷீராஸைச் சேர்ந்த ஷெய்கு அபூ அப்துல்லாஹ் இப்னு கபீபின் பெயரைச் சொல்கின்றார். அந்தப் பெரியார் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். நானூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒருவரின் பெயர் இருக்கின்றது; பக்கத்தில் நடந்து வந்த நால்வரின் பெயர் இல்லை. பயண எழுத்தின் பழைய வழக்கம் இது. இப்னு பதூதாவும் அதற்கு விலக்கல்லர்.

அடுத்து, இப்பகுதியிலுள்ள அதிசயச் செய்திகள். இலைகளால் தலைப்பாகை கட்டிய குரங்குத் தலைவன், குட்டி யானையைக் கொன்று தின்றவர்களின் வாயை முகர்ந்து பார்த்துப் பழிவாங்கிய யானைகள் முதலியவை. விமர்சகர்கள் சிலர் இவற்றைக் கொண்டே அவரைப் பொய்யர் என்பர். நம்மவர்கள் சிலர் வெட்கப்பட்டு இவற்றை விட்டுவிடுவர். இரண்டுமே தவறு என்பது என் அபிப்பிராயம். இந்தப் பகுதியில் இரண்டு வகையான செய்திகள் உண்டு. ஆற்றை மூங்கில் தெப்பத்தில் கடந்தது, ஈரமான இடங்களில் மரங்களிலிருந்து அட்டை பாய்வது, அதற்காக எலுமிச்சையைத் தயாராக வைத்திருந்து பிழிவது, மலையில் ஏறப் பிடிக்கும் சங்கிலிகள், உச்சியில் நிற்கும்போது மேகம் காலுக்குக் கீழே கிடப்பது ஆகியன ஒரு வகை. இவை போனவர் கண்டவை. நக்கிள்ஸில் மழைக்காலத்தில் ஒரு நாள் நடந்தவருக்கு அட்டையும் மேகமும் பொய்யல்ல என்பது தெரியும். குரங்கரசனும் யானைகளும் மறுவகை. அவை கேட்டவை. யாரிடம் கேட்டவை? கூட வந்தவர்களிடமும் வழியில் சந்தித்தவர்களிடமுமேயன்றி வேறு யாரிடம்? என் மாணவர் லக்கேகலையைக் காட்டிச் சொன்ன கதை போன்றவைதாம் அவை. பாதை நெடுகிலும் வழிகாட்டுபவர்கள் வருவோருக்குச் சொல்லிச் சொல்லி உருவானவை.

ஆகவே இந்தப் பகுதியின் கதைகளில் ஒரு பெரும் பங்கு வழிகாட்டிகளுடையது. இப்னு பதூதா நாடு திரும்பிய பின் நினைவிலிருந்து சொல்ல, இப்னு ஜுஸையி எழுதி, 1355இல் நூல் நிறைவுற்றது என்பதை நாம் அறிவோம். சொன்னவர் ஒருவர், எழுதியவர் ஒருவர் என்று இரண்டு பெயர்களைச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றோம். மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. அவர் தமிழோ சிங்களமோ பேசியிருக்கலாம். பாரசீகம் தெரிந்தவராகவும் இருந்திருக்கலாம்.

இனி, நாம் தவிர்க்கும் இடத்துக்கு வருவோம். குனகார் என்ற நகருக்கு வெளியே ஷீராஸைச் சேர்ந்த ஷெய்கு உஸ்மானின் பள்ளிவாசல் இருந்ததாக இப்னு பதூதா சொல்கின்றார். அந்த நகர் குருணாகலா, கம்பளையா, வேறிடமா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அந்நாட்டு அரசரும் மக்களும் இந்த ஷெய்கைச் சென்று கண்டு மதித்தனர். பாதத்துக்கு வழிகாட்டியவர் அவரே. ஒரு பசுவை அறுத்ததற்காக அவருடைய ஒரு கையும் ஒரு காலும் வெட்டப்பட்டன. அந்நாட்டு வழக்கப்படி அதற்குத் தண்டனை மரணம். அவர் மீதிருந்த மதிப்பினால் அது குறைக்கப்பட்டு, ஒரு சந்தையின் வருமானமும் அவருக்கு ஒதுக்கப்பட்டது. அதன்பின் அவருடைய பிள்ளைகளும் அடிமைகளும் வழிகாட்டிகளாயினர்.

இந்த இடத்தை நம் மலர்களில் நான் கண்டதில்லை. கண்ட ஓரிரு இடங்களில் அது கோபத்துடன் எடுத்தாளப்பட்டிருந்தது. அந்தக் கோபம் எனக்கு விளங்காததல்ல. 2018 மார்ச்சில் தெல்தெனியவிலும் திகனவிலும் நடந்தவை எங்கள் வீதியில் நடந்தவை. கண்டிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அந்தக் கடைகளைக் கடந்துதான் எங்கள் பஸ் போகின்றது. ஆனால் இப்னு பதூதா இச்செய்தியைக் கோபத்தோடு சொல்லவில்லை. தண்டனையையும் மதிப்பையும் சந்தை வருமானத்தையும் ஒரே மூச்சில் சொல்கின்றார். இந்திய வழக்கத்துக்கு மாறாக இந்நாட்டவர் முஸ்லிம்களை வீட்டுக்குள் அழைத்து உணவளித்து உபசரிக்கின்றனர் என்பதையும் அதே பகுதியில் பதிவு செய்கின்றார். வெட்டப்பட்ட கையையும் பரிமாறிய கையையும் ஒருங்கே எழுதிய இந்த நேர்மைதான், என் கணிப்பில், இப்பகுதியின் தலைசிறந்த இலக்கியக் குணமாகும். மதிப்பும் பயமும் ஒரே ஊரில், ஒரே மனிதரின் வாழ்வில் இருக்க முடியும் என்பதை எங்கள் வீதியில் குடியிருப்பவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"சாட்சி தேவைப்படுகின்ற காலத்தில் இலக்கிய நயம் பேசலாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. தனக்குச் சாதகமானதை மட்டும் சொல்லும் சாட்சியை எந்த நீதிமன்றமும் நம்புவதில்லை என்பதே என் பதில். இப்னு பதூதா எங்களுக்கும் சாட்சி சொல்கின்றார், எங்கள் அயலவருக்கும் சாட்சி சொல்கின்றார். பாதியை வெட்டிவிட்டு மீதியைக் காட்டினால் அவரும் நம்பப்படமாட்டார், நாமும் நம்பப்படமாட்டோம்.

வழிகாட்டியின் இடம் எழுத்தில் எப்படிச் சுருங்குகின்றது என்பதற்கு அந்த அவுஸ்திரேலியப் பாலைவனமே நல்ல உதாரணம். 1860இல் பேர்க், வில்ஸ் குழுவினர் மெல்பேர்னிலிருந்து புறப்பட்டபோது ஒட்டகங்களும் அவற்றை நடத்தத் தெரிந்த மனிதர்களும் பிரித்தானிய இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டிருந்தனர். அவர்களுள் ஒருவரான தோஸ்த் முஹம்மத் ஒட்டகத்தினால் காயமுற்று ஒரு கையின் பயனை இழந்து மெனிண்டியில் மரணித்தார். 1896இல் வெல்ஸின் குழுவுடன் பெரும் மணற்பாலையைக் கடந்த பலூச்சியரான பீஜா தர்வேஷுக்கு வெல்ஸ் தமது திசைகாட்டியைப் பரிசளித்தார். கனிங் 1906இல் தன் பயணத்தில் நீரூற்றுகளைக் காட்டுவதற்கெனப் பழங்குடியினரைச் சங்கிலியிட்டு நடத்தினார். 1908இல் அரச ஆணைக்குழு ஒன்று அதனை விசாரித்தது. 1888இல் கட்டத் தொடங்கிய அடிலெய்ட் பள்ளிவாசல் அந்த ஒட்டகக்காரர்களின் அடையாளமாக இன்றும் நிற்கின்றது. ஆனால் அந்தப் பாலைவனத்தைப் பற்றிய புகழ்பெற்ற நூல்கள் பயணத் தலைவர்களின் பெயரில் இருக்கின்றன. திசைகாட்டியைப் பெற்றவர் தம் பயணத்தைத் தாமே எழுதியிருந்தால் நமக்கு வேறொரு நூல் கிடைத்திருக்கும்.

நாமும் இதில் குற்றமற்றவர்களல்லர். நம்முடைய சஞ்சிகைகளில் வரும் ஹஜ், உம்ரா பயணக் கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். விமானம் ஏறியது முதல் ஸம்ஸம் கொண்டுவந்தது வரை எழுத்தாளர் இருக்கின்றார். கூட்டத்தில் வழிதவறிய முதியவரைக் கைப்பிடித்து அழைத்து வந்தவர், மினாவில் கூடாரத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர், சமைத்தவர் யாரும் இல்லை. மலையகத்தின் பெக்கோ பாதையைப் பற்றி இப்போது நிறைய எழுதப்படுகின்றது. கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் இப்பாதையின் பெரும்பகுதி பழைய தோட்டப் பாதைகள். கொழுந்துக் கூடையுடன் அவற்றில் நடந்தவர்களின் குரல் அந்த எழுத்துகளில் எத்தனை வரி என்று எண்ணிப் பார்க்கலாம்.

பாவாத மலைக்கு இரண்டு வழிகள் உண்டென்று இப்னு பதூதா சொல்கின்றார். ஒன்று பாபா வழி, மற்றது மாமா வழி. மாமா வழி இலகுவானது. ஆனால் அதனால் ஏறியவரை யாத்திரை செய்தவராக யாரும் கணக்கெடுப்பதில்லை. பாபா வழியில் பத்துச் சங்கிலிகள். பத்தாவதன் பெயர் ஷஹாதாச் சங்கிலி. அங்கிருந்து கீழே பார்ப்பவர் அச்சத்தினால் கலிமாச் சொல்வார். பிறகு ஹிழ்று நபியின் குகை. யாத்திரிகர் சாமான்களை அங்கே வைத்துவிட்டு இறுதி ஏற்றத்தை ஏறுவர். பாதத்தருகே பாறையில் ஒன்பது குழிகள்; யாத்திரிகர் பொன்னும் இரத்தினமும் முத்தும் காணிக்கையாக இடுவது அவற்றில். குகையை அடைந்ததும் பக்கீர்கள் அவற்றை எடுக்க முந்திக்கொண்டு ஓடுவார்களாம். தாங்கள் போனபோது சில கற்களும் கொஞ்சம் பொன்னுமே இருந்தன, அவற்றை வழிகாட்டிக்குக் கொடுத்துவிட்டோம் என்கின்றார்.

இந்த வரியைப் பல தடவை கடந்து போயிருக்கின்றேன், நின்றதில்லை. ஏறுவதற்குப் பல்லக்கும் முப்பத்திரண்டு பேரும் தேவைப்பட்ட ஒருவர், உச்சியில் கிடைத்ததை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதை அறிந்திருந்தார்.

கடந்த மாதம் என் மாணவர் வீட்டுக்கு வந்திருந்தார். அட்டையும் எலுமிச்சையும் வரும் இடத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "தேசிக்காயா சேர்? நாங்க சவர்க்காரம்தான் பூசுறது" என்று சிரித்தார். பொன்னைக் கொடுத்த இடத்தையும் வாசித்தேன். இம்முறை சிரிக்கவில்லை. "அந்த வழிகாட்டியுடைய பேர் என்ன சேர்?" என்று கேட்டார். பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். பெயர் இல்லை. ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்து அவரிடம் கொடுத்து, மீமுரே பாதையில் அவருக்கு வழி பழக்கியவரின் பெயரை முதல் பக்கத்தில் எழுதச் சொன்னேன்.