சாந்தமும் இளக்கமும்: ஒரு சொல்லாய்வு

நம் ஆயர்களில் பலர் தமிழிலே பிரசங்கித்தாலும், ஆங்கில விளக்கவுரைகளின் துணைகொண்டே பிரசங்கத்தை ஆயத்தம் செய்கின்றனர். இது குற்றமன்று. ஆயினும் அயல்மொழிச் சொல் ஒவ்வொன்றும் தன் வரலாற்றை உடன்கொண்டே நம் பிரசங்க பீடத்தில் ஏறுகிறது. மென்மையைக் குறிக்கும் சொற்கள் இதற்குத் தக்க சான்றாகும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் கரிசல் மண்ணில் வாழும் சபையாரை மனத்திற்கொண்டு, இச்சொற்களைச் சிறிது ஆராய்வோம்.

ஆங்கிலத்தில் 'ஜென்டில்' என்பது இலத்தீனில் ஒரே குலத்தவனைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது. பிரெஞ்சு வழியாக உயர்குடிப் பிறப்பைச் சுட்டி, பின்னரே இன்சொல்லையும் நன்னடத்தையையும் குறிக்கலாயிற்று. 'மீக்' என்னும் சொல் ஸ்காந்திநேவிய மொழியிலிருந்து வந்தது. வளைந்துகொடுக்கும் மென்மை அதன் முதற்பொருள். 'சப்பிள்' என்பதன் மூலம், முழந்தாளிட்டு மன்றாடுபவனைக் குறித்த இலத்தீன் சொல்லாகும். ஆக, முதற்சொல்லின் வேரில் மேலோரின் பண்பாடும், மற்ற இரண்டின் வேரில் கீழோரின் பணிவும் காணப்படுகின்றன. மென்மையைப் பற்றிய பிரசங்கங்கள் பல, தம்மை அறியாமலே இப்பிரிவினையைச் சுமந்து வருகின்றன.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் செய்தது என்ன? ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பெற்று 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு, மலைப்பிரசங்கத்தின் மூன்றாம் பேற்றுக்குச் 'சாந்தகுணம்' என்னும் சொல்லைக் கொண்டது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் அவ்விடத்தில் 'கனிவு' என்கிறது. சாந்தம், கொந்தளிப்பு அடங்கிய நிலையைக் காட்டும் வடசொல். கனிவு, பழுத்தலிலிருந்து பிறந்த நற்றமிழ்ச் சொல். எனினும் நம் வழக்கில் கனிவு பெரும்பாலும் மேலிருந்து கீழ்நோக்கிச் செல்வது. அதிகாரி ஏழையிடம் கனிவு காட்டுவார். ஏழை அதிகாரியிடம் கனிவு காட்டினான் என்று எவரும் சொல்வதில்லை. ஆதலால் இரு சொற்களும் அழகுடையனவாயினும், மூலத்தின் ஒரு பகுதி அவற்றில் விடுபட்டுப் போகிறது.

அப்பகுதி யாது? இப்பேற்றின் பின்னணியில் நிற்பது 37ஆம் சங்கீதம். அங்கு வரும் 'ஆனாவ்' என்னும் எபிரெயச் சொல், எளியவனையும் ஒடுக்கப்பட்டவனையும் குறிக்கும் 'ஆனீ' என்பதன் உறவுச்சொல். கிரேக்கத் திருப்பம் இதனைப் 'பிராயுஸ்' என்றது. பழக்கப்பட்ட குதிரைக்கும் கிரேக்கர் வழங்கிய சொல் அது. அச்சங்கீதத்தில் வழக்கே நிலத்தைப் பற்றியது. துன்மார்க்கர் தழைத்து நிற்க, நிலம் யாருக்கு உரியது என்பதே அதன் வினா. பார்வோன் முன் நின்ற மோசேயும் இதே சொல்லால் குறிக்கப்படுகிறான் என்பதை நோக்குக. வாய்மூடி இருத்தல் இதன் பொருளாயின், அச்சொல் அவனுக்குப் பொருந்துமோ?

வானம் பார்த்த பூமியில் இவ்வினா இன்னும் கூர்மையுடையது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மதுரை மிஷன் மண்டபசாலையை ஒரு நிலையமாகக் கொண்டு இப்பகுதியில் ஊழியஞ்செய்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் தென்னாட்டின் ஏழைகளை வாட்டிற்று. தனக்கென ஒரு குறுக்கம் நிலமும் இல்லாத கூலியாளிடம், கூலி மறுக்கப்பட்ட நாளில், 'சாந்தமாயிரு' என்று மட்டும் போதிப்பவர், பேற்றின் முற்பாதியைச் சொல்லிப் பிற்பாதியாகிய நிலத்தை மறைத்துவிடுகிறார்.

இனி 65ஆம் சங்கீதத்தைக் காண்போம். மழை நிலத்திற்குச் செய்வதை 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு 'சாஃப்ட்' என்னும் சொல்லால் கூறுகிறது. எபிரெய வினைச்சொல்லோ உருகுதலையும் கரைதலையும் குறிப்பது. நம் ஐக்கிய மொழிபெயர்ப்பு 'கரையப்பண்ணி' என்றது மூலத்திற்கு ஆங்கிலத்தினும் நெருக்கமானது. கரிசற்காட்டு உழவருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. கோடையில் அம்மண் இறுகிப் பாளம்பாளமாக வெடித்து நிற்கும். மழை பெய்தவுடன் நீரை உறிஞ்சி உப்பி, வெடிப்புகள் மூடிக்கொள்ளும். காலை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். உழவர் பதம் வரும்வரை காத்திருந்து, பின்னரே ஏர் பூட்டுவர். இளகிய மண் வலுவிழந்த மண்ணன்று. பருத்தியும் கம்பும் சோளமும் அதிலேதான் வேர்விடும். மண் தன்னைத் தானே இளக்கிக்கொள்வதுமில்லை. கிருபையின் இயல்பை இதனினும் தெளிவாகக் காட்டும் உவமை இவ்வட்டாரத்தில் வேறு இல்லை எனலாம்.

திருமறை எல்லா மென்மையையும் புகழ்வதில்லை. வனாந்தரத்து யோவானைப் பற்றி ஆண்டவர் பேசுகையில், அரசமாளிகைக்குரிய மெல்லிய ஆடையைக் குறிப்பிடுகிறார். அங்குள்ள 'மலாகோஸ்' என்னும் கிரேக்கச் சொல் சொகுசைச் சுட்டுகிறது. நெசவுக்குப் பேர்பெற்ற அருப்புக்கோட்டையில் இது எளிதில் விளங்கும். உடுப்பவர் மேனிக்கு மெல்லியதாய் இருக்கும் துணி, நெய்பவர் விரல்களைக் காய்க்கச் செய்திருக்கிறது. ஒருவரின் மென்மைக்காக மற்றொருவர் கடினத்தைச் சுமக்கும் நிலையை நற்குணம் என்று நாம் போதிக்கலாகாது.

ஆகவே 'சாந்தகுணம்' என்னும் சொல்லை விலக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. நூற்றைம்பது ஆண்டுகளாகச் சபையாரின் ஜெபத்தில் ஊறிய சொல் அது. ஆனால் அதனை விளக்குங்கால், ஆங்கில உரைநூலின் இனிய நடத்தையை விட்டு, இளகுதல், பதப்படுதல், உருகுதல் ஆகிய நம் வினைச்சொற்களை நாடுவது நலம். எபேசியர் நிருபத்தில் 'மனஉருக்கம்' என்று எழுதியவர்கள் இவ்வழியை நமக்கு முன்னரே காட்டியுள்ளனர். குணம் ஒருவரிடம் இருப்பதாகவோ இல்லாததாகவோ கருதப்படும், இளகுதலோ நிகழ்வது. இறுகிப்போனது எது, யாருடைய நெஞ்சம், யாருடைய களஞ்சியம் என்று கேட்க அது இடந்தருகிறது. அடுத்த முறை இப்பேற்றைப் பிரசங்கிக்க ஆயத்தம் செய்யும் இளம் ஆயர், தம் சபையில் யாரை நோக்கி இச்சொல்லைக் கூறப்போகிறோம் என்பதை முதலில் எண்ணிப் பார்ப்பாராக.