மொட்டை மாடியும் ஒரு மலிவு ஹேண்டியும்

மூவாயிரம் ரூபாய்க்குள் இத்தனை சந்தோஷம் தரக்கூடிய வேறொரு பொருள் கடைத்தெருவில் இருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள், ஓடிப்போய் வாங்கிக்கொள்கிறேன். இப்போதைக்கு என் ஓட்டு குவான்ஷெங் யூவி-கே5 என்ற சீன ரேடியோவுக்குத்தான். சட்டைப் பையில் செருகினால் பை கொஞ்சம் தொங்கும், அவ்வளவுதான் எடை. ஆனால் அது பார்க்கிற வேலையைப் பார்த்தால் இந்த விலைக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்று தலை சுற்றும்.

பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்கள் நாங்கள் கையடக்கச் செட்டை ஹேண்டி என்போம். போலீஸ்காரர் இடுப்பில் இருக்கிறதே, அதே உருவம். நாங்கள் பேசுவது மட்டும் எங்களுக்கென்று ஒதுக்கிய பட்டைகளில்: 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை 2 மீட்டர் பட்டை, 434 முதல் 438 வரை 70 சென்டிமீட்டர் பட்டை. சிம் கிடையாது, மாதக் கட்டணம் கிடையாது, ரீசார்ஜ் தீர்ந்ததென்று குறுஞ்செய்தி வராது. பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். அடுத்து யார் குரல் வரும் என்று தெரியாமல் காத்திருப்பதில் ஒரு போதை இருக்கிறது பாருங்கள், அதற்கு அடிமையாகிவிட்டேன்.

ஒரு காலத்தில் ஹேண்டி என்றால் ஜப்பான்தான். யாசு, ஐகாம், கென்வுட் என்று பெயரைச் சொல்லும்போதே பர்ஸ் நடுங்கும். 2012 வாக்கில் சீனாவிலிருந்து பாஃபெங் யூவி-5ஆர் வந்து அந்தக் கோட்டையை உடைத்தது. சூட்சுமம் என்னவென்றால், பழைய செட்டுகளில் ஒரு பலகை நிறையப் பரப்பி வைத்த சுற்றுகளின் வேலையை ஒற்றைச் சிப்பில் அடக்கிவிட்டார்கள். பழைய செட் உள்ளே வருகிற அலையைப் படிப்படியாக வேறு அலைவரிசைக்கு இறக்கி, வடிகட்டி, பெருக்கித்தான் குரலாக்கும். ஒவ்வொரு படிக்கும் தனித்தனி உறுப்புகள். சிப் அதையெல்லாம் தனக்குள்ளேயே கணக்குப் போட்டு முடித்துவிடுகிறது. செலவு இறங்கியது, பள்ளிக்கூடப் பையன்கள்கூட ஹாமாக முடிந்தது. 2023இல் வந்த கே5 அதே வழியில் இன்னும் நாலு எட்டு முன்னே போயிருக்கிறது. அதன் உள்ளே இருப்பது பிகே4819 என்ற சிப்.

வாங்கப் போகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி: "யூவி-5ஆரா, கே5ஆ?" இரண்டுமே ஐந்து வாட்டை ஒட்டித்தான் அனுப்பும், இரண்டிலும் இரண்டு பட்டைகளும் உண்டு, எஃப்எம் பாட்டும் கேட்கலாம், தலையில் ஒரு டார்ச்சும் இருக்கும். இரண்டுக்குமான நிரல் கேபிள்கூட ஒன்றேதான். சிர்ப் என்ற இலவச மென்பொருளில் கணினியிலேயே சேனல்களை அடித்து உள்ளே இறக்கிவிடலாம். அந்தக் குட்டி விசைகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். யூவி-5ஆர் பழம் பெருச்சாளி. அதற்கு வராத சந்தேகமும் இல்லை, யாரும் எழுதி வைக்காத விடையும் இல்லை. அப்படியிருந்தும் என் கை கே5ஐத்தான் எடுக்கும். முதல் காரணம் சில்லறைக் காரணம்: அதில் யூஎஸ்பி-சி துளை இருக்கிறது. மலைக்குப் போனால் தனிச் சார்ஜர் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், பவர் பேங்க் போதும். சில சி-க்கு-சி கேபிள்களில் சார்ஜ் ஏறாமல் அடம் பிடிக்கும். பழைய யூஎஸ்பி முனை உள்ள கேபிளைப் போட்டால் சமர்த்தாக ஏறும்.

இரண்டாவது காரணம்தான் என்னை மயக்கியது. இந்த ரேடியோவின் மூளையை மாற்றலாம்! பேசும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே செட்டைப் போடுங்கள். திரை கறுப்பாகவே இருக்கும், மேலே டார்ச் மட்டும் பளிச்சென்று எரியும். "நான் தயார், புதுப் புத்தியைக் கொடு" என்று அதற்கு அர்த்தம். உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் அதன் மென்பொருளைக் குடைந்து ஆராய்ந்து, தாங்களே எழுதியதை இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றை ஏற்றியதும் அந்தச் சின்னத் திரையில் அலைமாலை ஓட ஆரம்பித்தது. பட்டையில் எங்கெங்கே யார் பேசுகிறார்களோ அங்கெல்லாம் குட்டி மேடு எழும்பும். ஒரு விசையைத் தட்டினால் அந்தக் குரலில் போய் நிற்கும். இதற்கென்று தனிக் கருவி வாங்கினால் ஆகிற செலவை நினைத்துப் பார்க்கிறேன், சிரிப்பு வருகிறது. இதையெல்லாம் 64 கிலோபைட் நினைவகத்துக்குள் திணித்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வருகிற காலை வணக்கப் படமே அதைவிடப் பெரிசு.

குறையே இல்லையா? இருக்கிறது. ஒற்றைச் சிப் செட்டுகளுக்கெல்லாம் பொதுவான குறை: பக்கத்தில் பலமான டிரான்ஸ்மிட்டர் இருந்தால் காது அடைத்துவிடும். நகரத்தின் நடுவில் பெரிய ஆன்டெனாவை மாட்டினால் சில சமயம் கேட்பது கூடாமல் குறைவது இதனால்தான். மலிவுச் செட்டுகள் சிலவற்றில் அனுப்புகிற அலைவரிசையின் இரட்டிப்பிலும் மும்மடங்கிலும் கொஞ்சம் கசிவு இருக்கும். கருவி வைத்திருக்கிற மூத்த ஹாம் யாரிடமாவது ஒருமுறை காட்டி அளந்துகொள்வது நல்லது. மழையில் நனையவிடக் கூடாது. கீழே போட்டு உருட்டி முரட்டுத்தனமாகப் புழங்கப் போகிறீர்கள் என்றால் நாலைந்து மடங்கு காசு கொடுத்து யாசுவே வாங்குங்கள், தப்பில்லை. முதல் செட்டுக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி. மிச்சமாகிற காசை ஆன்டெனாவில் போடுங்கள்.

ஆன்டெனா என்றதும் எனக்கு வாய் நிற்காது. பெட்டியோடு வருகிற குட்டைக் குச்சி பேருக்குத்தான் ஆன்டெனா. முதலில் காசில்லாத வைத்தியம் ஒன்று: ஏறக்குறைய அரை மீட்டர் மெல்லிய வயரை எடுத்து, ஒரு முனையை உரித்து, ஆன்டெனா திருகும் இடத்தின் வெளி வளையத்தில் படும்படி சுற்றி, மறு முனையை வால் மாதிரி தொங்கவிடுங்கள். 2 மீட்டர் பட்டையின் அலை நீளத்தில் அது கால் பங்கு. ஆன்டெனாவுக்கு வேண்டிய மறுபாதியாக இருக்க ஹேண்டியின் குட்டி உடம்பு போதாது. அந்தக் குறையை இந்த வால் நிரப்புகிறது. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், எதிர்முனையில் இருப்பவர் "இப்ப தெளிவா இருக்கு ஓஎம்" என்பார் (ஓஎம் என்பது ஹாம்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் செல்லப் பெயர்). வேறு ஆன்டெனா வாங்கினால் திருகு முனையைப் பார்த்து வாங்குங்கள். பாஃபெங் வகைச் செட்டுகளில் ஊசி ரேடியோப் பக்கம் இருக்கும், யாசு போன்றவற்றில் ஆன்டெனாப் பக்கம். பிரபலமான நீள ஆன்டெனாக்களுக்குப் போலிகள் ஏராளம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது யாகி, ஒரே திசையைப் பார்த்துக் கேட்கும் ஆன்டெனா. அமெரிக்க ஹாம் ஜோ லெஜியோ வடிவமைத்த அளவு நாடா யாகியைப் பற்றி எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஹார்டுவேர் கடையில் இரும்பு அளவு டேப்பு ஒன்று, பிவிசி பைப்பு கொஞ்சம், பைப்பை இறுக்கும் கிளாம்பு சில. பின்னால் 105 செ.மீ. துண்டு, முன்னால் 89 செ.மீ., நடுவில் 45, 45 என்று இரு துண்டு. ரேடியோவுக்குப் போகும் கேபிளைப் பற்றவைக்க, நடுத்துண்டுகளின் முனையில் மஞ்சள் பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து, உலோகம் பளபளக்கும்வரை சுரண்ட வேண்டும்; பெயின்ட் துளி மிச்சமிருந்தாலும் ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடும். ஒட்டிவிட்டால் அப்புறம் ராஜாதான். கதவு இடுக்கில் நுழையும்போது டேப்பு மடங்கும், வெளியே வந்ததும் டப்பென்று நிமிரும். ஒளித்து வைத்த டிரான்ஸ்மிட்டரைத் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டுக்காகச் செய்த வடிவம் அது. நான் அதை வானத்தைப் பார்த்துப் பிடிக்கிறேன்.

எதற்கு? சர்வதேச விண்வெளி நிலையத்துக்காக! சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் போகும் அந்த நிலையத்தில் ஹாம் ரேடியோ இருக்கிறது. சில நாட்களில் அதிலிருந்து 145.800 மெகாஹெர்ட்ஸில் படம் அனுப்புவார்கள். அப்படி ஒரு நாள் சேலத்தில் எங்கள் மொட்டை மாடியில் டேப்பு யாகியோடு நின்றேன். இரைச்சலை அடக்கி வைக்கும் ஸ்குவெல்ச்சைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டதால் செட்டில் இரைச்சல் கொட்டுகிறது. துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "ஏனுங்க, டிவி ஆன்டெனா ரிப்பேருங்களா?" என்றார். "இல்லீங்கம்மா, மேல விண்வெளி நிலையம் போகுது, படம் வரும்" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் துணியை உதறினார். அந்த நேரம் பார்த்து இரைச்சல் மெல்ல அடங்கி, உள்ளேயிருந்து ஒரு கீச்சு கிளம்பியது. போனில் ரோபோட்36 என்ற செயலியைத் திறந்து ரேடியோவின் வாய்க்கு நேரே பிடித்தேன். மேலிருந்து வரி வரியாக நீலம், வெள்ளை, பிறகு எழுத்து. ஒரு படம் முழுசாக வர இரண்டு நிமிஷம் ஆகும். ஆன்டெனாவைச் சற்றே விலக்கினால் அந்த இடத்தில் மட்டும் படத்தில் மணல் தூவியது போலாகும். திருப்பினால் மறுபடி கோடு தெளியும். அம்மா துணியை மறந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "இது வானத்துல இருந்தா வருது?" என்று அவர் கேட்ட தொனி இன்னும் என் காதில் இருக்கிறது.

படம் அனுப்பாத நாட்களில் நிலையத்தின் ரிப்பீட்டரை, அதாவது கேட்ட குரலை அப்படியே திருப்பி அனுப்பும் செட்டைக் கேட்கலாம், 437.800இல். நிலையம் மணிக்கு ஏறக்குறைய 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறதல்லவா, அதனால் நம்மை நோக்கி வரும்போது அலைவரிசை பத்து கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு ஏறிக் கேட்கும், விலகிப் போகும்போது அதே அளவு இறங்கும். 437.810, 805, 800, 795, 790 என்று ஐந்து சேனலாகப் போட்டு வைத்து, குரல் கரகரக்கும்போதெல்லாம் அடுத்ததற்குத் தாவினால் தெளிவாகக் கேட்டுக்கொண்டே போகலாம். மொத்தமே பத்து நிமிஷக் கூத்து. ரயில்வே ஸ்டேஷனில் வழியனுப்புகிறவர்கள் மாதிரி எல்லாரும் அவசர அவசரமாகத் தங்கள் அழைப்புக்குறியைச் சொல்லிக்கொள்வார்கள்.

தரையில் பேச உயரம்தான் எல்லாம். கணக்கு சுலபம்: நீங்கள் நிற்கும் உயரத்தை மீட்டரில் வைத்து வர்க்கமூலம் எடுத்து, 4.12ஆல் பெருக்குங்கள், கிடைப்பது ரேடியோ அடிவானம், கிலோமீட்டரில். தெருவில் நின்றால் ஐந்து கிலோமீட்டர். மாடியில் ஒன்பது மீட்டர் உயரத்தில் பன்னிரண்டு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குப் போய், சமவெளியைவிட 1,200 மீட்டர் மேலே நின்றால் 140க்கும் மேல்! அங்கே லேடீஸ் சீட் என்ற காட்சி முனையில் நின்று இதே மலிவுச் செட்டில் அழைத்தபோது சேலம் முதலில் வந்தது, பிறகு நாமக்கல், பிறகு ஈரோடு. நடுவில் ரிப்பீட்டர் கிடையாது. என் கையில் இருந்த ஐந்து வாட்டும் அந்த மலையும்தான். ஈரோட்டுக்காரர் என் குரல் பக்கத்து அறையில் இருந்து வருவது போல் இருக்கிறது என்றபோது அங்கே சுண்டல் தின்றுகொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஆசை காட்டி ஏமாற்ற மாட்டேன். 2004 டிசம்பர் சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத்தும் அவர் குழுவினரும் ஹாம் ரேடியோவில் சேதி கடத்திய கதையைக் கேட்டுவிட்டுப் பலர் ஹேண்டி வாங்க வருகிறார்கள். கடல் தாண்டிப் பேசும் அந்த வேலை குறுகிய அலை, அதாவது எச்எஃப் செட்டின் வேலை. ஹேண்டி அதைச் செய்யாது. ஊருக்குள், மாவட்டத்துக்குள், தலைக்கு மேலே செயற்கைக்கோள் வரை என்று அதன் எல்லை வேறு.

இன்னொன்று, இது கண்டிப்பு. கே5ஆல் நமக்கு உரியதல்லாத அலைவரிசைகளிலும் அனுப்ப முடியும், புது மென்பொருள் ஏற்றினால் இன்னும் தாராளமாக. முடியும் என்பதற்காகச் செய்யக் கூடாது. அங்கே காவல்துறையும் மற்றவர்களும் வேலை பார்க்கிறார்கள். உரிமம் இல்லாமல் இந்தச் செட்டை வைத்திருப்பதே நம் நாட்டில் குற்றம். வாக்கி டாக்கிகளை இணையக் கடைகள் கண்டபடி விற்பதைக் கட்டுப்படுத்த 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிமுறையே கொண்டுவந்தது. எனவே வரிசை இதுதான்: முதலில் தேர்வு, பிறகு உரிமம், அதன் பிறகு செட். தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் தளத்தில் விண்ணப்பிக்கலாம், பன்னிரண்டு வயது ஆனவர் எவரும் எழுதலாம். உரிமத்தின் தொடக்க நிலையான ரெஸ்டிரிக்டெட் பிரிவுக்கு மோர்ஸ் தந்தி தேவையில்லை. கொஞ்சம் மின்னியல், கொஞ்சம் விதிமுறை, அவ்வளவுதான் பாடம். இரண்டு பட்டைகளிலும் ஹேண்டியில் பேச அந்த உரிமமே போதும். இந்த விடுமுறைக்கு உங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எழுதிவிடுங்கள்.