மயிலுக்கு வேண்டிய சரக்கு

தமிழில் மாயப் புனைவு என்று ஒன்று இருந்ததே இல்லை, மார்க்வெஸ் வழியாகவும் ஹாரி பாட்டர் வழியாகவும்தான் வந்து இறங்கியது என்று இப்போது மேடைக்கு மேடை சொல்கிறார்கள். இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்: இருந்தது, ஆனால் அது புராணம், வரம் கேட்டால் கிடைக்கும், சாபம் விட்டால் பலிக்கும், என்ன பொருள், என்ன பக்குவம், என்ன விலை என்ற கணக்கெல்லாம் மேற்கத்திய நாவலும் கணினி விளையாட்டும் கற்றுக்கொடுத்தவை. ரௌலிங்கின் முதல் நாவல் தமிழுக்கு வந்தபோது தலைப்புக்கு 'ரசவாதக் கல்' என்ற சொல் தயாராகக் கிடந்ததே, அதை எந்தக் கப்பலில் இறக்கினார்களாம்?

எங்கள் உத்தமபாளையம் தாலுகாவிலிருந்தே தொடங்கலாம். பத்தாம் நூற்றாண்டின் சின்னமனூர்ப் பெரிய செப்பேடு ஊரைத் தானமாகக் கொடுக்கும் ஆவணம். அதில் பாண்டியனின் முன்னோர் கடலைக் கடைந்து அமுதம் எடுக்கிறார்கள், நாலு கடலிலும் ஒரே பகலில் குளிக்கிறார்கள், இந்திரன் கழுத்து ஆரத்தைப் பறிக்கிறார்கள். பத்திரம் எழுத உட்கார்ந்தாலே நமக்குக் கை இப்படித்தான் போகிறது. ஆனால் இது வெறும் வீறாப்பு. அமுதம் கடைய என்ன மத்து, எத்தனை ஆள் என்று செப்பேடு சொல்லவில்லை. அந்தக் கணக்குக்குக் காப்பியத்திடம் போக வேண்டும்.

இளங்கோவுக்குக் கடைக்காரன் கண். மதுரைக் கடைத்தெருவில் வயிரம் பார்க்கும்போது காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று குற்றம் நாலையும் தட்டிப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார். புகாரின் மன்றங்களையும் அதே கண்தான் பார்க்கிறது: கூனும் குறளும் நீங்கக் குளிக்கும் பொய்கை ஒரு மன்றத்தில், பித்தம் தெளியச் சுற்றிவரும் கல் இன்னொன்றில். மதுரை போகிற வழியில் மாங்காட்டு மறையோன் விவரிக்கும் மூன்று பொய்கைகளில் ஒன்று ஐந்திர இலக்கணம் தரும், ஒன்று முற்பிறப்பைக் காட்டும், மூன்றாவது நினைத்ததைக் கொடுக்கும். அத்தனையும் கேட்டுவிட்டு, எங்களுக்குத் தேவையில்லை என்று கவுந்தியடிகள் நடையைக் கட்டுகிறாரே, அந்த இடம் ஒன்றுக்காகவே மேற்சொன்ன மேடைப் பேச்சாளர்களைக் காடுகாண் காதை படிக்கச் சொல்ல வேண்டும்.

சாத்தனாரின் அமுதசுரபிக்கு நிபந்தனை உண்டு. முதல் பிச்சை ஆதிரை கையால் விழ வேண்டும். வாங்கிச் சாப்பிட ஆள் வேண்டும். ஆளில்லா மணிபல்லவத்தில் மாட்டிக்கொண்ட ஆபுத்திரன் அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தே செத்தான். விதியில்லாத மாயமாம்!

இந்த வரிசையில் எனக்கு நெருக்கமானவர் திருத்தக்கதேவர்தான். கர்ப்பிணி அரசி விசயை தப்பிப் போக மயிற்பொறி தேவை. வேறொரு புலவன் என்றால் தேவதை ஒன்றை அனுப்பி வேலையை முடித்திருப்பான். இவர் தச்சனைக் கூப்பிட்டுச் சரக்கைக் கொடுக்கிறார்: பலவகைத் துணி, பயின், நூல், நல்ல அரக்கு, மெழுகு. ஏழு நாள் கூலிவேலை. வலப்பக்கம் திருகினால் மேலே ஏறும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். அரசி அதை ஓட்டிப் பழகிக்கொள்கிறாள். அப்படிச் செய்த மயில் கடைசியில் போய் இறங்குவது சுடுகாட்டில். அவள் மகன் சீவகன் பிறப்பதும் அங்கேதான். மெழுகும் துணியும் எவ்வளவு தூரம் தாங்குமோ அவ்வளவுதான் பறந்தது என்று நான் வாசிக்கிறேன். எல்லாவற்றையும் துறந்த சமணத் துறவி பொருள்களை இத்தனை பொறுப்பாக எண்ணுகிறார். எங்கள் ஊர்க் கருப்பணசாமி கோயில் பாறையில் தீர்த்தங்கரர்களையும் வட்டெழுத்தையும் செதுக்க வைத்தவர்கள் அவருடைய ஆட்கள்தான். அந்தப் பாறையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அரக்கு வாசனை அடிக்கும்.

செயங்கொண்டாரின் பரணிப் பேய்கள் வேறு ரகம். போர்க்களத்தில் கூழ் அடுவதற்குமுன் அவை யானைத் தந்தத்தால் பல் விளக்குகின்றன, யானை விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன. கொடூரம்தான். ஆனால் எந்த எலும்பு எதற்கு உதவும் என்று சமையல்காரியின் கவனத்தோடு பிரித்துவைத்திருக்கிறார். அவற்றின் பசி நமக்கு உறைப்பதே அதனால்தான்.

சித்தர் ஏடுகளைப் புனைவு வரிசையில் வைத்தால் வைத்தியர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். பாடாணம் 64, பிறவி 32, வைப்பு 32. அதிலே குதிரைப்பல் என்று ஒன்று. மண்புழுவுக்குப் பூநாகம் என்று பேர். எண்ணெய் தொட்டுப் பச்சை இலையையே திரியாக எரிக்கலாம் என்பதால் ஒரு செடி பேய்மிரட்டி. வாசலில் கட்டித் தொங்கவிட்டால் மண்ணும் நீரும் இல்லாமல் தளிர்விடுகிற கிழங்கு ஆகாயக்கருடன். கணவாய் ஓடு கடல்நுரை ஆகிவிடும். கற்பனை உலகம் கட்டுகிறோம் என்று பெயர் தேடித் தவிப்பவர்கள் நாட்டு மருந்துக்கடைப் பலகைமுன் அரைமணி நேரம் நின்றால் போதும்.

புதுமைப்பித்தனுக்கு இது தெரிந்திருந்தது. கடவுளைச் சென்னைக்கு வரவழைத்தவர், அவரிடம் சந்தா வசூலிக்கும் பொறுப்பைச் சித்த வைத்தியப் பத்திரிகை நடத்தும் கந்தசாமிப் பிள்ளையிடம்தான் கொடுத்தார்.

பிறகு வந்ததுதான் எனக்கு வருத்தம். 1947இல் அம்புலிமாமா தொடங்கியது. சங்கர் வரைந்த வேதாளத்துக்காக இன்றும் பழைய இதழ் தேடுகிறவன் நான். ஆனாலும் மாயம் இலவசமானது அங்கேதான். காட்டு வழியில் ஒரு முனிவர் வருவார், மோதிரமோ கம்பளமோ கொடுப்பார், போய்விடுவார். எதனால் செய்தது என்று கேட்கிற பிள்ளை அந்தக் கதைகளில் இல்லை. தொண்ணூறுகளில் மாய யதார்த்தம் என்று எழுதியவர்கள் அந்தக் கதைகளைப் படித்து வளர்ந்த பிள்ளைகள்தான். பூமழை பொழிய வைத்தார்கள், என்ன பூ என்று சொல்லவில்லை. 1997இல் வந்த 'விஷ்ணுபுரம்' நாவல் மட்டும் கல்லும் கோபுரமுமாகக் கனத்தோடு நின்றது. அதைப் பின்பற்றியவர்கள் எடுத்துக்கொண்டது தத்துவத்தை; கல்லை அங்கேயே விட்டுவிட்டார்கள். இன்று தமிழில் மாயக் கதை எழுத வருகிற இளைஞர்கள் டிராகனை விட்டுவிட்டுச் சரக்குப் பட்டியலிலிருந்து தொடங்கினால் தேவலை.

போன மாதம் கடைவீதியில் ஒரு நாட்டு மருந்துக்கடைக்குப் போய் அரக்கு, தேன்மெழுகு இரண்டும் வாங்கினேன். அப்படியே பயின் கிடைக்குமா என்றேன்.

"பயின்னா? குங்கிலியமா, மட்டிப்பாலா? சோலி என்னன்னு சொல்லுங்க தம்பி, அதுக்குத் தக்கன தாரேன்."

"மயில் ஒண்ணு செய்யணும்ங்கய்யா. பறக்குற மயிலு."

பெரியவர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒட்டவா, மேல பூசவா?"