மின்கிற்றாரும் மக்கள் பாட்டும்: மடி வாட்டர்ஸின் ஆரம்ப இசைத்தட்டுகள்

நாட்டார் பாடல் தூய்மையானது, இயந்திரம் தீண்டினால் அது கெட்டுவிடும் என்ற எண்ணம் நம் இலக்கிய உலகில் ஆழ வேரூன்றியிருக்கிறது. ஏர்ப்பாட்டும் அம்பாப் பாட்டும் அச்சேறினால் அவற்றைப் போற்றுகிறோம். அப்பாட்டைப் பாடிய உழைப்பாளியின் மகன் மின்கிற்றாரைக் கையிலெடுத்தால் முகஞ்சுளிக்கிறோம். இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதை உரைத்துப் பார்ப்பதற்கு, ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின மக்கள் படைத்த ‘புளூஸ்’ இசை நல்லதொரு சான்றைத் தருகிறது. மடி வாட்டர்ஸ் என்னும் கலைஞர் தம் பாடல்கள் இரண்டை 1941 இலும் 1948 இலும் இருமுறை பதிவு செய்திருக்கிறார். முதலாவது பதிவு பருத்தித் தோட்டத்துக் குடிசையில் நிகழ்ந்தது. இரண்டாவது கைத்தொழில் நகரில் நிகழ்ந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு, ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறு செவிவழியே புலப்படும்.

மக்கின்லி மோர்கன்பீல்ட் என்பது அவரது இயற்பெயர். சேற்றுநீர் எனப் பொருள்படும் ‘மடி வாட்டர்ஸ்’ இளமையில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். மிசிசிப்பி மாநிலத்தில், கிளார்க்ஸ்டேல் நகருக்கு அருகிலுள்ள ஸ்ரோவல் தோட்டத்தில் அவர் பருத்தி பறித்தார். உழவு இயந்திரம் ஓட்டினார். 1941 ஆகஸ்டில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக நாட்டார் பாடல் தொகுத்துவந்த அலன் லோமக்ஸும், பிஸ்க் பல்கலைக்கழகத்தின் கறுப்பின இசையறிஞர் ஜோன் வேர்க்கும் அங்கு சென்று, ‘கன்ட்ரி புளூஸ்’, ‘ஐ பீஸ் ட்ரபிள்ட்’ என்னும் பாடல்களை ஒலிப்பதிவு செய்தனர். ஒரு குரல், மின்சாரம் அறியாத ஒரு கிற்றார்; அவ்வளவே. போத்தற் கழுத்தைப் போன்ற குழாயை விரலிற் செருகி நரம்பின்மீது வழுக்கும்போது, சுரங்கள் தனித்தனியே நில்லாது ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இழைந்து செல்கின்றன. இந்த வழுக்கல் முறையைச் சன் ஹவுஸ் முதலிய மூத்த பாடகரிடமிருந்து அவர் பெற்றார். பாட்டின் சில கூறுகளும் அவ்வாறே கைமாறி வந்தவை. அயலவரும், வார இறுதிக் கொண்டாட்டத்துக்குக் கூடியவரும் கேட்டாற் போதும் என்ற அளவிலேயே அதன் ஓசை நிற்கிறது.

பின்னர் நிகழ்ந்தது என்ன? 1943 இல் அவர் சிக்காகோ நகருக்குப் புறப்பட்டார். மணித்தியாலக் கூலியைச் சில சதம் உயர்த்தக் கேட்டபோது மறுக்கப்பட்டதே அதற்கு உடனடிக் காரணம் என்பர். ஆயினும், அது தனியொருவர் கதையன்று. 1944 இல் அதே கிளார்க்ஸ்டேல் வட்டாரத்து ஹொப்சன் தோட்டத்தில் பருத்தி பறிக்கும் இயந்திரம் பலரறியச் செயற்படுத்திக் காட்டப்பட்டது. ஒருபுறம் இயந்திரம் கையுழைப்பைத் தள்ள, ஒருபுறம் இனவெறியும் கடனும் துரத்த, மறுபுறம் போர்க்காலத் தொழிற்சாலைகள் அழைக்க, மக்கள் வடக்கு நோக்கி நகர்ந்தனர். 1940 இல் ஏறத்தாழ 2,78,000 ஆக இருந்த சிக்காகோவின் கறுப்பின மக்கள் தொகை, 1950 இல் ஏறத்தாழ 4,92,000 ஆயிற்று. அவர்களுடனேயே பாட்டும் பயணஞ் செய்தது.

சிக்காகோவின் மதுச்சாலையில் பழைய கிற்றார் ஊமையாயிற்று. பகலெல்லாம் இறைச்சித் தொழிற்சாலையிலும் உருக்காலையிலும் உழைத்தவர்கள் இரவிற் கூடிப் பேசும் இரைச்சலில் நரம்பின் ஓசை அமிழ்ந்து போயிற்று. ஆகவே 1940களின் நடுப்பகுதியில் அவர் மின்கிற்றாருக்கு மாறினார். அம்மாற்றத்தை நாகரிக மோகம் என்று தள்ளிவிடலாகாது. தன் மக்களுக்குத் தன் குரல் எட்டவேண்டும் என்ற தேவையே ஒலிபெருக்கியை அவர் அருகில் வைத்தது.

1948 ஏப்ரிலில் அரிஸ்டோகிராட் என்னும் சிறிய நிறுவனத்துக்காக அவர் அவ்விரு பாடல்களையும் மீண்டும் பாடினார். ‘ஐ பீஸ் ட்ரபிள்ட்’ என்பது ‘ஐ காண்ட் பி சற்றிஸ்பைட்’ ஆயிற்று. ‘கன்ட்ரி புளூஸ்’ என்பது ‘ஐ பீல் லைக் கோயிங் ஹோம்’ ஆயிற்று. முன்னது மனநிறைவின்மையைச் சொல்லும் பெயர். பின்னது வீடு திரும்பும் ஏக்கத்தைச் சொல்லும் பெயர். கூட வாசித்தவர் பேஸ் என்னும் பெரிய நரம்புக்கருவியில் வல்ல ஏர்னஸ்ட் குரோபோர்ட் ஒருவரே. இசைத்தட்டு வெளிவந்ததும் முதற் பிரதிகள் ஏறத்தாழ ஒரே நாளில் விற்றுத் தீர்ந்தன.

இப்பதிவின் சிறப்பு எங்கே இருக்கிறது? விரைந்து செல்லும் முதற் பாடலில் பேஸ் நரம்பைச் சுண்டியடிக்கும் ஓசை தாளமாகி முன்தள்ள, கிற்றார் குரலுக்கு மறுமொழி கூறுகிறது. பாடகர் ஒரு தொடரை முடிக்குமுன் நிறுத்துகிறார். எஞ்சியதை நரம்பு சொல்லி முடிக்கிறது. மெதுவான இரண்டாவது பாடலில், மின்சாரத்தால் நீண்டு நிலைக்கும் சுரம் ஒரு விம்மலாக அறையெங்கும் பரவுகிறது. 1941 இல் அந்தச் சுரம் பிறந்தவுடன் மடிந்தது. 1948 இல் அது நின்று நடுங்குகிறது. ஒலிபெருக்கியில் சற்றே கரகரக்கும் அவ்வோசையைக் குறையென்று நீக்கிவிட்டால் பாடலின் பாதி உயிர் போய்விடும். கிராமத்துப் பாட்டின் கட்டுக்கோப்பு சிதையவில்லை. அதன் உணர்ச்சி மட்டுமே புதிய வலுப்பெற்றது. ஊரை விட்டு வந்தவர்களுக்கு, வீடு திரும்பும் ஏக்கம் முன்னிலும் கூர்மையான பொருளைத் தந்திருக்கும்.

முற்போக்கு வாசகர் இங்கே ஒரு கேள்வி எழுப்பலாம். இப்பாடல்களில் நிலவுடைமையாளன் எங்கே? போராட்டம் எங்கே? வெளிப்படையாக இல்லை என்பதே விடை. காதல் முறிவும் அமைதியின்மையும் பயணமுமே பொருள்கள். 1954 இல் வில்லி டிக்சன் எழுதி இவர் பாடிய ‘ஹூச்சி கூச்சி மேன்’ போன்றவற்றில் ஆண்மைப் பெருமிதம் அளவு கடந்து ஒலிப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அரிஸ்டோகிராட் 1950 இல் செஸ் எனப் பெயர்பெற்று வளர்ந்தது. பாடல் உரிமைத் தொகைக்காக 1970களில் அவ்வமைப்போடு தொடர்புடைய பதிப்பகத்தின்மீது வாட்டர்ஸும் டிக்சனும் வழக்குத் தொடுக்க நேர்ந்தது. மக்கள் பாட்டு சந்தைப் பொருளானதன் விலை அது. எனினும், முழக்கம் உள்ள பாட்டே மக்கள் பாட்டு என்று நாம் வரையறுத்துவிட்டால், முழக்கமிட முடியாத நிலையில் வாழ்ந்தோரின் வரலாற்றை இழந்துவிடுவோம். எசமானைப் பெயர்சொல்லிப் பாட அஞ்சவேண்டிய நாட்டில், மனம் நிறையவில்லை என்று ஒருவன் உரத்துப் பாடுவதே ஒரு சாட்சியம்.

இச்சாட்சியம் நம் கரைக்கும் உரியது. நிலாவெளிக்கு வடக்கே, களப்பு கடலோடு கலக்கும் இறக்கக்கண்டியில் நின்று இதை எழுதும்போது கரைவலையின் நினைவு எழாமலிராது. ஒருவர் எடுத்துக்கொடுக்கப் பலர் பின்பாட்டிசைத்து வலை இழுத்த அம்பாப் பாட்டு, கைகள் ஒன்றுபடுவதற்காகப் பிறந்தது. கிழக்கிலும் வடக்கிலும் பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் அக்கைகளின் வேலையை எடுத்துக்கொண்டபோது, பாட்டின் தாளத்துக்கு வேலை இல்லாமற் போயிற்று. நா. வானமாமலை ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுத்ததுபோல் இவற்றையும் தொகுத்துக் காப்பது நம் கடமை, அதில் ஐயமில்லை. லோமக்ஸும் வேர்க்கும் பதிவு செய்யாதிருந்தால் இன்று நமக்கு ஒப்பிடவே ஏதுமிராது.

ஆனால் தொகுப்போடு கடமை முடிந்துவிடுகிறதா? நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய தமிழ்ப் பொப்பிசை நம் ஊர்களிற் பரவியபோது, அதை மலிவான கேளிக்கை என்று ஒதுக்கியோர் பலர். எல்லாம் உயர்ந்தவை என்று நான் வாதிடவில்லை. உரத்த ஓசை தானாகவே மக்கள் கலை ஆகிவிடாது. கேட்போரின் வாழ்விலிருந்து பிறக்காத மின்னொலி வெறும் இரைச்சலே. அதைப் பிரித்தறியும் உரைகல்லைத்தான் மடி வாட்டர்ஸின் இசைத்தட்டுகள் நமக்குத் தருகின்றன. யாருடைய காதுக்கு எட்டுவதற்காக இந்த ஓசை உயர்ந்தது? பழைய பாட்டின் எந்த உணர்ச்சியை அது புதிய வாழ்வுக்குள் சுமந்து வருகிறது? இவ்விரு வினாக்களையும் கேட்காது கருவியை மட்டும் பார்த்துத் தீர்ப்பளிப்பது திறனாய்வாகாது.

கடல் வேலை மாறிவிட்டது. வேலை தேடி மத்திய கிழக்குக்குச் செல்லும் இளைஞர் தொகை பெருகிவிட்டது. அவர்களுடைய பிரிவும் களைப்பும் வீட்டு நினைவும் தமக்குரிய பாட்டைத் தேடிக்கொண்டிருக்கின்றன. அப்பாட்டு நாளை மின்கிற்றாரோடு எழுமானால், அதில் அம்பாவின் மூச்சு கேட்கிறதா என்று முதலிற் காது கொடுத்துக் கேட்போம்.