படுத்துக்கொண்ட முக்கோணம்

தாம்பரம் சண்முகம் சாலைக் கடைகளில், நோட்டுக் கட்டுகளுக்கு நடுவே கிடக்கும் வடிவங்களைக் காட்டும் கெட்டி அட்டைப் புத்தகங்களை யாரும் நின்று பார்ப்பதில்லை. கையில் எடுத்தால் வழவழவென்றிருக்கும். பக்கம் திருப்பினால் சரசரக்காது, ‘டப்’பென்று விழும். மூன்று வயதுக்கு அந்தச் சத்தமே பாதி விளையாட்டு. மீதி விரலில். வட்டத்தின் மேல் ஆள்காட்டி விரல் நிற்காமல் ஓடும். முக்கோணத்தில் ஒவ்வொரு முனையிலும் தயங்கித் திரும்பும். மூலை என்றால் என்னவென்று யாரும் சொல்லாமலே அந்த விரலுக்குத் தெரிந்துவிடுகிறது.

பெரும்பாலான புத்தகங்கள் முக்கோணத்தைச் சமோசா மாதிரி நிமிர்த்தியே உட்கார வைத்துவிடுகின்றன. அதையே பார்த்துப் பழகிய பிள்ளை, தலைகீழாக நிற்கும் முக்கோணத்தை ‘இது இல்ல’ என்று தள்ளிவிடும். ஒல்லியாக, சாய்வாக, ஒரு பக்கம் நீண்டதாக நாலைந்து போட்டு வைக்கிற ஓவியர்தான் கெட்டிக்காரர். சேலையூர்ப் பக்கத்து அங்கன்வாடி ஒன்றில் டீச்சர் அப்படிப்பட்ட பக்கத்தில் அவசரமே இல்லாமல் தங்குவார். புத்தகத்தை மெல்லச் சுழற்றி, “இப்போ என்னடா கண்ணு?” என்பார். “முக்கோணம் படுத்துக்கிச்சு டீச்சர்!” அவர் திருத்துவதில்லை. இன்னொரு பக்கமாகச் சுழற்றி, அடுத்த பிள்ளையிடம் நீட்டுகிறார்.